பதினோராவது வாக்கியம்

"அம்மா, அது என் பை. குடுத்துடுங்க" என்று நம்மாள் தமிழிலேயே கெஞ்சிப் பார்த்தான். விடுதிக்கார அம்மாள் சிரித்த முகம் மாறாமல் இன்னும் பலமாக இழுத்தார். பையின் ஒரு பிடி அவன் கையில், மறுபிடி அந்த அம்மாள் கையில். ஐந்து வருஷமாக நூலகத்தில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? பை போய்விட்டது. அந்த அம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, ராத்திரி அவன் படுத்திருந்த அறையிலேயே திரும்ப வைத்துப் பூட்டிவிட்டு இறங்கி வந்தார். வந்தவர் அவன் கன்னத்தை வேறு தட்டிக் கொடுத்தார்.

இத்தனைக்கும் அவன் செய்தது ஒன்றுமே இல்லை. அறையைக் காலி செய்தான், சாவியைத் திருப்பிக் கொடுத்தான், தாளில் இருந்த கல்லூரி முகவரியைக் காட்டி வழி கேட்டுக்கொண்டான், மரியாதையாக "போயிட்டு வரேன்" என்று அந்த ஊர் பாஷையில் சொன்னான். அதற்கு அந்த அம்மாள் ஏதோ கேட்டார். கேட்டதில் 'மணி' என்ற ஒரே ஒரு சொல்தான் அவனுக்குப் பிடிபட்டது. அடடா, பேராசிரியரை எத்தனை மணிக்குப் பார்க்கப் போகிறோம் என்று அக்கறையாக விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "மூணு மணி" என்றான். உடனே பையைப் பிடுங்கிக்கொண்டார்.

'சரி, சாயங்கால ரயில் வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கட்டும். நல்ல மனுஷி' என்று தேற்றிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

நம்மாள் வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவன். நாலே நாள் உயிர் வாழும் ஒரு பூச்சியைப் பற்றி ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்து முடித்துவிட்டான். பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. வெளித்தேர்வாளர் கையெழுத்தும் முத்திரையும் பதிந்த படிவம் நாளை மதியம் பன்னிரண்டுக்குள் அவன் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் அரை வருஷம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அவனுக்குக்கூடப் பரவாயில்லை. அடுத்த மாதப் பட்டமளிப்புக்காக அப்பா லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. விமானமே ஏறாத அம்மா, சக்கரம் வைத்த பெட்டி வாங்கி, தினமும் சாயங்காலம் அதைக் கூடத்தில் உருட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றச் சொல்லும் தைரியம் அவனுக்குக் கிடையாது.

தேர்வாளரான பேராசிரியர் இருப்பதோ பக்கத்து நாட்டில், பாஷை தெரியாத இந்த ஊரில். ஒரு நாள் பயணம்தான். காலையில் படிவத்தைக் கொடுப்பது, பேராசிரியருக்கு வகுப்பு முடிகிற மூன்று மணிக்குக் கையெழுத்து, சாயங்காலம் ஐந்தரை ரயில். அறைத்தோழனுக்கு அந்தப் பாஷை தெரியும். எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுகிறவன் என்பதாலும் நாலு பாஷை தெரிந்தவன் என்பதாலும் அவனுக்கு 'அகராதி' என்று பெயர். முந்தாநாள் அவன்தான் ஒரு தாளில், மேலே போகவேண்டிய முகவரியும் கீழே பன்னிரண்டு வாக்கியங்களும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தான்.

"பதினோராவது என்னடா, 'போறேன்'னு எழுதியிருக்க?"

"கிளம்பும்போது சொல்றது."

"வாயில வராதுடா. 'போயிட்டு வரேன்'னு மாத்திக் குடு."

"அங்க அப்படிச் சொல்ற வழக்கமே கிடையாது. நீ என்ன, திரும்பியா வரப் போற?"

"நம்ம ஊர்ல மட்டும் சொல்றவன் எல்லாம் திரும்பியா வரான்? ஒரு மரியாதைடா. 'போறேன்'னு சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாங்க."

"உங்கம்மா அங்க வந்து ஒட்டுக் கேக்கப் போறாங்களா?"

"எங்கம்மாவுக்குக் கேக்கும்."

அகராதி அலுத்துக்கொண்டே மாற்றி எழுதிக் கொடுத்தான். பன்னிரண்டில் அந்தப் பதினோராவது வாக்கியம்தான் நம்மாளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வாயில் வந்தது.

விடுதியிலிருந்து இரண்டு தெரு தாண்டியதும் வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. நல்லவேளை, எதிரிலேயே செருப்புத் தைக்கும் கடை. வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஷூவை வாங்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு, பசை தடவி நாலு தட்டுத் தட்டிக் கொடுத்தார். நம்மாள் தாளைக் காட்டி வழி கேட்டுக்கொண்டான். கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேன்."

கடைக்காரர் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு ஏதோ கேட்டார். மறுபடியும் 'மணி'.

"மூணு மணி" என்றான் நம்மாள், பெருமையாக. இந்த ஊரில் எல்லாருக்கும் தன் வேலை மேல் என்ன அக்கறை.

கடைக்காரர் குனிந்து அவன் இரண்டு ஷூவையும் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு ஜோடி பழைய பூட்ஸை எடுத்து மாட்டிவிட்டு, கதவையும் திறந்துவிட்டார். பூட்ஸ் இரண்டு அளவு பெரிசு. கால் ஒரு அடி வைத்த பிறகுதான் பூட்ஸ் அடுத்த அடி வைத்தது. 'டக்கு டக்கு' என்று தெருவே திரும்பிப் பார்க்க, ஒன்பது மணிக்குக் கல்லூரி போய்ச் சேர்ந்தான்.

வரவேற்பு மேசையில் ஒரு குமாஸ்தா. வழுக்கைத் தலை, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி. நம்மாள் தாளைப் பிரித்தான். பன்னிரண்டு வாக்கியத்தில் பதினொன்று தொண்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. கவரை மட்டும் நீட்டினான். உள்ளே படிவம். மேலே தன் பல்கலைக்கழக முகவரியை முன்ஜாக்கிரதையாக எழுதி ஒட்டியிருந்தான்.

குமாஸ்தா படிவத்தைப் பார்த்தார். தலையாட்டினார். சுவரில் தொங்கிய அட்டவணையில் பேராசிரியர் பெயரைத் தொட்டுக் காட்டினார். அது அசல் உள்ளூர்ப் பெயர், நம்மாளுக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். பெயருக்கு நேரே வரிசையாக வகுப்புகள். குமாஸ்தா மூன்று விரலைக் காட்டினார். அதாவது மூன்று மணி வரைக்கும் வகுப்பு. கவரை வாங்கி மேசைத் தட்டில் வைத்துக்கொண்டார்.

சரி, மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். தொண்டையில் மாட்டாத ஒரே வாக்கியத்தை நம்மாள் சொன்னான்.

"போயிட்டு வரேன்."

குமாஸ்தா மணி ஒன்றும் கேட்கவில்லை. சட்டென்று எழுந்தார். முகம் மலர அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். வாசல்வரை வந்து, தெரு திரும்புகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டே நின்றார். இவ்வளவு நல்ல மனுஷர்களா என்று நம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மூன்று மணிவரை என்ன செய்வது? பூங்காவுக்குப் போனான். அங்கே மரத்தடி மேசையில் ஒரு பெரியவர் சதுரங்கப் பலகையை விரித்து, தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்தார். நம்மாள் எட்டிப் பார்த்தான். பெரியவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். சும்மா இருக்கமாட்டாமல் குதிரையைத் தூக்கி வேறு கட்டத்தில் வைத்தான். பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசிக்கிற வேகத்தைப் பார்த்தால் ரயில் போய்விடும் என்று தோன்றியது. சட்டைப்பையிலிருந்த தாளைக் காட்டி, கல்லூரிக்குக் குறுக்கு வழி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தான்.

"போயிட்டு வரேன்."

மணி என்று ஏதோ கேட்டார். "மூணு மணி" என்று சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டான்.

பன்னிரண்டரைக்கு அதே வழியாகத் திரும்பினால், பெரியவர் அதே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர் நாற்காலியில் தன் தொப்பியை வைத்து இடம் பிடித்திருக்கிறார். சுற்றிலும் ஆட்டத்துக்கு நாலு பேர் காத்து நிற்கிறார்கள். ஒருவன் தொப்பியை எடுக்கப் போக, பெரியவர் கைத்தடியால் அவன் கையில் ஒரு போடு போட்டார். அப்புறம் நம்மாளைக் கைத்தடியால் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். நாலு பேரும் அவனை முறைத்தார்கள்.

நம்மாள் அகராதிக்குப் போன் போட்டான். "மச்சான், இங்க ஒரு பெரியவர் என்னமோ சொல்றாரு. என்னன்னு கேளு" என்று போனை அவர் காதில் வைத்தான்.

இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் பெரியவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணு மணிக்குத் திரும்பி வரேன்னு சொன்னியாமே?"

"நான் எங்கடா சொன்னேன்? போயிட்டு வரேன்னுதான்..." என்று ஆரம்பித்தவனுக்குப் பாதியிலேயே விஷயம் புரிந்துபோயிற்று.

"அதேதான். அந்த ஊர்ல வரேன்னா வரணும். எத்தனை மணிக்குன்னு கேட்டா மணி சொல்லணும். மூணுன்னு சொல்லியிருக்க. அவர் நாப்பது வருஷம் டிராம் ஓட்டினவராம்டா, ஒரு நாள்கூட லேட்டா போனதில்லையாம். நீ வந்தா ஆட்டம் கலைஞ்சிருக்கக் கூடாதேன்னு சாப்பிடக்கூடப் போகலயாம்."

பையைப் பிடுங்கிய கையும், ஷூவைக் கழற்றிய கையும் கண் முன்னால் வந்து போயின.

"வேற எங்கயாவது சொல்லித் தொலைச்சியா?"

"எல்லா இடத்துலயும்."

"எத்தனை மணிக்கு?"

"எல்லாருக்கும் மூணுதான்."

அந்தப் பக்கம் அகராதி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"சிரிக்காதடா. ஆபீஸ்ல சொன்னது ஒண்ணுதான் நிஜம். மூணு மணிக்கு அங்க போயே ஆகணும். மத்தவங்ககிட்ட வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு லேப் நேரம், போனை உள்ள விடமாட்டாங்க. சுருக்கமா சொல்றேன், கேட்டுக்க. 'வரேன்'னு தெரியும் இல்ல? அதுக்கு முன்னால ஒரு 'இல்லை' போட்டுக்க. புரிஞ்சுப்பாங்க." போன் அணைந்துவிட்டது.

நம்மாள் பெரியவர் எதிரே உட்கார்ந்து, ஆனமட்டும் சீக்கிரமாகத் தோற்றான். பதினேழு நிமிஷம் ஆயிற்று. பெரியவருக்கு ஒரே குஷி. நம்மாள் எழுந்து, இரண்டு கையையும் விரித்து, தெளிவாகச் சொன்னான்: "இல்லை. வரேன்."

பெரியவர் கண்ணில் மின்னல் அடித்தது. தோற்றுவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம், இல்லை, திரும்பவும் வருவேன் என்கிறான். என்ன ரோஷக்காரப் பிள்ளை. அவர் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டார். நம்மாளின் நாக்கு அவனைக் கேட்காமலே "மூணு" என்றது. பெரியவர் காய்களை முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தார்.

டக்கு டக்கென்று விடுதிக்கு ஓடினான். பையையாவது மீட்டுக்கொண்டு ஒரு வழியாக விஷயத்தை முடிக்கலாம். அங்கே சாப்பாட்டு மேசையில் வெள்ளை விரிப்பு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், நடுவில் பூ ஜாடி. அந்த அம்மாளும் அவர் தங்கையும் கை முழுக்க மாவோடு நின்றார்கள். யாரும் இல்லாத விடுதிக்கு ஒரு பிள்ளை சாப்பிடத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதைத் தங்கைக்குச் சொல்லியனுப்பி வரவழைத்திருக்கிறார். தங்கை அவனை மேலும் கீழும் பார்த்து, பார்வை பூட்ஸுக்கு வந்ததும் சந்தேகமாக நின்றார்.

அவனுக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. ஆனாலும் பெட்டி உருட்டும் அம்மாவை நினைத்துக்கொண்டு, மாடியைக் கைகாட்டி, "பை" என்று சைகை செய்து, "இல்லை. வரேன்" என்றான்.

பை இல்லாவிட்டாலும் வருவேன் என்று சத்தியம் செய்கிறான் என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். மாவுக் கையோடு அவன் முகத்தைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம். வழியில் பசிக்குமே என்று கையில் ஒரு பெரிய ரொட்டி. கதவைச் சாத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

செருப்புக் கடையில் நிலைமை இன்னும் மோசம். மூன்று மணிவரை நேரம் இருக்கிறதே, அரைகுறையாகச் செய்வானேன் என்று கடைக்காரர் இரண்டு ஷூவையும் பக்கம் பக்கமாகப் பிரித்துப் போட்டிருந்தார். மேல்தோல் ஒரு பக்கம், அடித்தோல் ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். அது தன்னுடைய ஷூ என்று நம்மாளுக்கு அடையாளமே தெரியவில்லை. அந்தக் குவியலைப் பார்த்ததும் 'இல்லை'கூட வாயில் வரவில்லை.

"வரேன்" என்று மட்டும் முனகினான். கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தில் மூன்றைத் தொட்டுக் காட்டிக் கண்ணடித்தார்.

அப்போது அம்மா போனில் கூப்பிட்டாள். "கையெழுத்து ஆச்சாடா?"

"ஆகலம்மா. மூணு மணிக்கு. அம்மா, இங்க போயிட்டு வரேன்னு சொன்னா நிஜமாவே திரும்பி வரணுமாம்."

"வந்துட்டுத்தான் போயேன். உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"நாலு இடத்துல சொல்லிட்டேன்மா."

"சமர்த்து. ஒரு இடத்துலயாவது 'போறேன்'னு சொல்லிடலையே?"

"இல்லம்மா."

"அது போதும். பெட்டியில ஒரு சக்கரம் கொஞ்சம் இழுக்குது, மத்தபடி நல்லா உருளுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்றடிக்க ஐந்து நிமிஷம். மற்ற மூன்று பேரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ரொட்டியை அக்குளில் இடுக்கியபடி கல்லூரிக்கு ஓடினான். படியேறும்போது இடது பூட்ஸ் கழன்று கீழே உருண்டது. அதைத் துரத்திப் பிடித்து மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால், வரவேற்பு மேசையில் ஆளில்லை. மேசைத் தட்டில் கவரும் இல்லை.

எட்டிப் பார்த்தான். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். குப்பைக் கூடையைக் கவிழ்த்தே பார்த்தான். ஆரஞ்சுத் தோல்தான் விழுந்தது. ஓடிப்போய்ப் பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினான், பூட்டியிருந்தது. ஐந்து வருஷம், நாலு நாள் பூச்சி, அப்பாவின் லீவு, அம்மாவின் பெட்டி எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் சுற்றின. நடைக்கூடத் தரையிலேயே ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அழுதான்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வாசலில் சத்தம். காலையில் எல்லாரிடமும் தாளைக் காட்டி வழி கேட்டிருந்தான் அல்லவா? வரேன் என்றவன் வரவில்லையே, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்னால் விடுதிக்கார அம்மாள், துண்டில் சுற்றிய சூடான பாத்திரத்தோடு. பின்னால் அவர் தங்கை, இவன் பையோடு. அதற்குப் பின்னால் செருப்புக் கடைக்காரர், ஒரு ஷூ முழுசாகவும் ஒரு ஷூ பாதியாகவும் பிடித்துக்கொண்டு. கடைசியில் டிராம் பெரியவர், அடுக்கிய காய் ஒன்றுகூட அசையாமல் பலகையை இரண்டு கையிலும் ஏந்தியபடி அடிமேல் அடிவைத்து வந்தார்.

அவனைத் தரையில் பார்த்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாஷைதான் புரியவில்லை. திட்டு எந்த ஊரிலும் திட்டாகத்தான் கேட்டது. திட்டிக்கொண்டே அந்த அம்மாள் அவன் மூக்கைத் துடைத்தார். கடைக்காரர் பூட்ஸைக் கழற்றி, முடிந்த ஒரு ஷூவை மாட்டிவிட்டார். பெரியவர் பலகையைத் தரையில் வைத்துவிட்டு, நீ ஆடு என்று குதிரையைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து, கையில் தேநீர்க் கோப்பையோடு குமாஸ்தா வந்தார். நம்மாளைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவர் மாதிரி அப்படியே நின்றார். நெற்றியிலிருந்த கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

நம்மாள் ஒற்றை ஷூவோடு எழுந்து ஓடினான். எந்தப் பாஷையும் கைகொடுக்காமல் தமிழிலேயே கத்தினான். "சார், என் கவர் எங்க சார்? மூணு மணிக்குத்தானே வரச் சொன்னீங்க? போயிட்டு வரேன்னு அவ்வளவு தெளிவா சொல்லிட்டுத்தானே போனேன்?"

குமாஸ்தா கோப்பையைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து விரைவுத் தபால் ரசீது ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் அவனுடைய பல்கலைக்கழக முகவரி. பக்கத்தில் காலை பத்து மணி என்று முத்திரை.

பிறகு அவர் வாயைத் திறந்து, கொஞ்சம் மழலையாக இருந்தாலும் அட்சரம் பிசகாத தமிழில் பேசினார். "கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டாச்சு தம்பி. வகுப்புக்குள்ளயே போய் வாங்கி அனுப்பிட்டேன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு உங்க ஆபீஸ்ல இருக்கும். நீங்க எப்பவோ ஊருக்குக் கிளம்பிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்."

"கிளம்பிட்டேன்னு யார் சொன்னா? போயிட்டு வரேன்னுதானே சொன்னேன்?"

"எங்க பேராசிரியர் மேடம் பேர்தான் கல்யாணத்துக்கு அப்புறம் மாறினது தம்பி, ஆள் உங்க ஊர்தான்" என்றார் குமாஸ்தா. "பன்னிரண்டு வருஷமா தினமும் இதைச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போறாங்க. முதல் நாள் அதை நம்பி, விடியிற வரைக்கும் விளக்கை அணைக்காம இதே மேசையில உட்கார்ந்திருந்தவன் நான், என்கிட்டயேவா?"